ஹேக்கர்களும் ஊர்ப்பழியும்



ஓர் ஊரில் ஒரு திருட்டு நிகழ்கிறது. திருடியவன் மேலைத் தெருவைச் சேர்ந்தவன் என்று தெரிய வருகிறது. மறுநாள் முதல் அத்தெருவார் அனைவரையும் ஊர் ஐயக் கண்கொண்டு நோக்குகிறது. அத்தெருப் பையனைக் கடையில் வேலைக்கு வைத்துக்கொள்ள முதலாளி தயங்குகிறார். அத்தெருவார் என்ன செய்வது? “அவன் எங்கள் தெருவே அல்லன்” என்று கைகழுவி விடுவதா? “எங்களைக் கேட்க நீ யார்?” என்று மார் தட்டுவதா? வாயை மூடிக்கொண்டு, ஊர் மறக்கும் காலத்துக்குக் காத்திருப்பதா?

இந்த வினாவை ஒரு புதுவகைத் தெருவாரை வைத்து இன்று ஆராய விரும்புகிறேன். அவர்கள் ஹேக்கர்கள். வயது முதிர்ந்த பள்ளி ஆசிரியனுக்கும் ஹேக்கர்களுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் நகைக்கலாம். நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், ஒருமுறை பழி சுமத்திய ஊரின் பக்கம் நின்றவன். அக்கதையைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஹேக்கர் என்றதும், பிறர் கணக்கில் நுழைந்து பணம் பறிப்பவன் என்ற எண்ணமே உங்களுக்கு எழும். சொல் பிறந்தபோது அதற்கு அப்பொருள் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாதிரி ரயில் சங்கம் ஒன்று இருந்தது. பொம்மை ரயில்களை ஓட்டும் மின்சுற்றுகளைப் பிரிப்பதும் கோப்பதுமாகவே அதன் மாணவர்கள் இரவுகளைக் கழித்தனர். யாரேனும் ஒருவர் அழகும் நுட்பமும் பொருந்த ஒரு வேலையைச் செய்து முடித்தால், அதற்கு ‘ஹேக்’ என்று பெயர். 1950-களின் பிற்பகுதியில் அவர்கள் கணிப்பொறியின் பக்கம் திரும்பியபோது அச்சொல்லும் உடன் சென்றது.

இவர்களுடைய எழுதப்படாத சட்டங்களை ஸ்டீவன் லெவி என்னும் எழுத்தாளர் 1984-ஆம் ஆண்டில் ஒரு நூலில் தொகுத்துக் கூறினார். அறிவு எல்லார்க்கும் எட்ட வேண்டும். அதிகாரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. ஒருவனைப் பட்டத்தாலோ வயதாலோ பதவியாலோ அளக்காமல் அவன் செய்யும் வேலையால் அளக்க வேண்டும். இவையே அவற்றின் சாரம். கேட்க இனிமையாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒரு குறையைக் கவனித்தீர்களா? பிறர் வீட்டுக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கலாமா, கூடாதா என்பது பற்றி அவற்றில் ஒரு சொல்கூட இல்லை. இந்தக் குறையின் விலையைப் பின்னர் வேறொரு நாட்டார் கொடுக்க நேர்ந்தது.

அந்நாடு அன்றைய மேற்கு ஜெர்மனி. 1981-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள், மேற்கு பெர்லினில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து கணிப்பொறியைப் பற்றிப் பேசினர். அப்பேச்சிலிருந்து எழுந்ததே கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்னும் சங்கம். கேயாஸ் என்றால் ஒழுங்கின்மை, குழப்பம். தமக்குத் தாமே இத்தகைய பெயரைச் சூட்டிக்கொண்டவர்கள் ஊரின் நல்லெண்ணத்தை எளிதில் பெறுவார்கள் என்று எதிர்பார்க்க முடியுமா? அச்சங்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர் வாவ் ஹாலண்ட்; தாடி வைத்தவர், பேச்சில் வல்லவர்.

அக்காலத்தில் மேற்கு ஜெர்மனியின் அஞ்சல் துறை பி.டி.எக்ஸ். என்ற ஏற்பாட்டை நடத்தி வந்தது. தொலைபேசிக் கம்பி வழியே செய்திப் பக்கங்கள் வீட்டுத் தொலைக்காட்சித் திரையில் தோன்றும். சில பக்கங்களுக்குக் கட்டணம் உண்டு. பார்ப்பவருடைய தொலைபேசிக் கணக்கில் அது ஏறும். பக்கத்தை வைத்தவருக்குப் போய்ச் சேரும். இந்த ஏற்பாடு பழுதற்றது என்று துறை பொதுமக்களுக்கு உறுதி கூறியது. பழுதுண்டு என்று சங்கத்தார் எடுத்துரைத்தனர். எவரும் பொருட்படுத்தவில்லை.

1984 நவம்பரில் ஓர் இரவு, சங்கத்தார் ஹாம்பர்க் சேமிப்பு வங்கியின் கடவுச்சொல்லைக் கொண்டு, அவ்வங்கியின் பெயராலேயே தங்கள் சங்கத்தின் கட்டணப் பக்கம் ஒன்றைத் திரும்பத் திரும்ப அழைக்குமாறு ஒரு சிறு கணிப்பொறியை ஏவிவிட்டுப் படுக்கச் சென்றனர். ஒருமுறை அழைக்கக் கட்டணம் 9.97 மார்க். பொழுது விடிந்தபோது வங்கி சங்கத்துக்குத் தர வேண்டியதாகக் கணக்கில் ஏறியிருந்த தொகை 1,34,694 மார்க் 70 பென்னிக். எத்தனை முறை அழைத்தது என்பதை நீங்களே வகுத்துப் பாருங்கள். மீதியின்றி 13,510 வரும்.

அக்கடவுச்சொல் எவ்வாறு கிட்டியது என்பதில் வாதம் எழுந்தது. ஏற்பாட்டின் கோளாறே அதைத் திரையில் கொட்டியது என்றனர் சங்கத்தார், துறை மறுத்தது. நமக்கு வேண்டியது அதன் பின் நடந்தது. அத்தொகையில் ஒரு பென்னிக்கைக்கூட அவர்கள் தொடவில்லை. பத்திரிகையாளரை அழைத்து, ஹாம்பர்க் நகரின் தகவல் பாதுகாப்பு அதிகாரியின் முன்னிலையில், செய்ததையும் செய்த முறையையும் தங்கள் வாயாலேயே கூறினர். பிறர் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்கவில்லை. முகத்தை மறைக்கவும் இல்லை. பழி அஞ்சல் துறையின் மேல் விழுந்தது.

சட்டப்படி நோக்கினால் பிறர் கடவுச்சொல்லைப் பயன்படுத்தியது பிழைதான். அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆயினும் பூட்டு உறுதியற்றது என்று பலமுறை கூறியும் கேளாத வீட்டுக்காரரிடம், பூட்டைத் திறந்து காட்டிச் சாவியையும் பொருளையும் பலர் முன்னிலையில் கையில் கொடுத்தவனைத் திருடன் என்று ஊர் சொல்லவில்லை என்பது நினைக்கத்தக்கது.

1986-ஆம் ஆண்டில், பாதுகாக்கப்பட்ட தகவலை உரிமையின்றிக் கைப்பற்றுவது குற்றம் என்ற புதுச் சட்டம் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. இத்தகைய வேளையில் அஞ்சியவர் கலைந்து ஒளிவது இயல்பு. இவர்கள் செய்தது வேறு. அதே ஆண்டில் சங்கத்தை முறைப்படி பதிவு செய்தனர். விதிமுறை, பொறுப்பாளர், முகவரி எல்லாம் எழுத்தில் ஏறின. ஒளிந்துகொள்ள வேண்டிய காலத்தில் வாயிலில் பெயர்ப்பலகை மாட்டினார்கள் என்று சொல்லலாம்.

பெயர்ப்பலகை இடியையும் ஈர்க்கும். 1987-ஆம் ஆண்டில், அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனத்தோடு இணைந்த கணிப்பொறிப் பின்னலில் நுழைந்திருந்த சில இளைஞர், செய்தி பெரிதாகிவிடும் என்று அஞ்சிச் சங்கத்தை நாடி வந்தனர். சங்கம் நடுவில் நின்று அதை வெளிப்படுத்தியது. உறுப்பினர் வீடுகள் சோதனையிடப்பட்டன. 1988 மார்ச்சில் பாரிசுக்குச் சென்ற முன்னணி உறுப்பினர் ஒருவர் அங்கே கைதாகிப் பல வாரங்கள் சிறையில் இருந்தார். ஆயினும் இவையெல்லாம் தூறல்தான். பெருமழை அடுத்த ஆண்டு வந்தது.

அதன் தொடக்கம் அமெரிக்காவில். 1986-ஆம் ஆண்டு கலிபோர்னியாவிலுள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில், கணிப்பொறி பயன்படுத்திய கணக்கில் 75 சென்ட் உதைத்தது. முக்கால் டாலர்! அதை விட்டுத் தள்ளியிருந்தால் யாரும் கேட்டிரார். கிளிஃபர்டு ஸ்டோல் என்னும் வானியலாளர் விடவில்லை. மாதக்கணக்கில் அடிச்சுவட்டைப் பின்பற்றிச் சென்றார். அது கடல் கடந்து ஜெர்மனியின் ஹனோவர் நகரில் போய் நின்றது. அங்கே சில இளைஞர், அமெரிக்கக் கணிப்பொறிகளில் எடுத்தவற்றைச் சோவியத் உளவு நிறுவனமாகிய கே.ஜி.பி.க்கு விற்று வந்தனர். 1989 மார்ச் தொடக்கத்தில் இச்செய்தி வெடித்தது.

விற்றவர் சிலரே. சங்கம் அவர்களை ஏவவில்லை. ஆனால் சங்கத்தின் வட்டாரத்தோடு பழகியவர் அவர்களுள் இருந்தனர். ஊருக்கு அவ்வளவு போதாதா? ஹேக்கர் என்றாலே ஒற்றன் என்ற பேச்சு பரவிற்று. வெளியிலிருந்து வந்த பழியைவிட உள்ளே எழுந்த ஐயம் கொடிது. யார் யாருக்கு உளவு சொன்னார், யாரை நம்பலாம் என்று நண்பர் நண்பரையே நோக்கத் தொடங்கினர்.

அந்த ஹனோவர் இளைஞருள் ஒருவர் கார்ல் கோக். தாமே அதிகாரிகளிடம் சென்று உண்மையைக் கூறியவர். 1989 மே மாதம் காணாமற் போனார். சில நாட்களுக்குப் பின் ஒரு காட்டில் அவருடைய உடல் கிடைத்தது. வயது 23. அவர் தாமே உயிரை மாய்த்துக்கொண்டார் என்பது அதிகாரிகளின் முடிவு. அதை நம்பாதவரும் உண்டு. அவருடன் குற்றஞ்சாட்டப்பட்ட வேறு சிலர் 1990-ஆம் ஆண்டில் சிறைத் தண்டனை பெற்றனர். அதுவும் நிறுத்தி வைக்கப்பட்ட தண்டனையே. உயிரோடு இருந்திருந்தால் அவர் நிலை என்னவாகியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த வயதை ஒட்டிய பிள்ளைகளையே பார்த்து வந்தவன் நான்.

இனித்தான் நம் வினாவுக்கு வருகிறோம். சங்கத்தார் முன் இரண்டு எளிய வழிகள் இருந்தன. விற்றவர் யாரென்றே அறியோம் என்று கூறித் தப்பலாம். அல்லது, அறிவு எல்லார்க்கும் உரியது, ஆகவே கொடுத்தது பிழையன்று என்று வாதாடலாம். பின்னதற்கு லெவி தொகுத்த சட்டங்களிலேயே சான்று காட்டவும் முடியும். அங்கேதான் அவர்கள் தம் சட்டத்தில் இருந்த ஓட்டையைக் கண்டனர். பிறர் கணிப்பொறியின் ஓட்டையைக் காண்பது எளிது. தன் கொள்கையின் ஓட்டையைக் காண்பது அவ்வளவு எளிதன்று. உளவு நிறுவனம் அறிவைப் பரப்புவதற்காக வாங்குவதில்லை, பூட்டி வைப்பதற்காகவே வாங்குகிறது என்ற உண்மை அவர்களிடையே கடும் விவாதத்தைக் கிளப்பிற்று. அச்சங்கம் போற்றும் ஹேக்கர் அறத்தில், லெவி கூறியவற்றோடு வேறு இரண்டு விதிகளும் உண்டு. பிறருடைய தகவலுக்குள் குப்பை போடாதே என்பது ஒன்று. பொதுத் தகவல் பொதுவுக்குப் பயன்பட வேண்டும், தனியார் தகவல் காக்கப்பட வேண்டும் என்பது மற்றொன்று.

இவ்விரண்டாம் விதியை நான் மிக உயர்வாகக் கருதுகிறேன். அரசின் கணக்கும் அடுத்த வீட்டுக்காரனின் கடிதமும் ஒரே தன்மையன அல்ல என்று பிரித்து வைத்தவுடன், ஊரார்க்கும் அவர்களுக்கும் இடையே பேசுவதற்கு ஒரு பொதுமொழி கிடைத்துவிட்டது. “எங்களை நம்புங்கள்” என்று கெஞ்ச வேண்டியதில்லை. “இது எங்கள் விதி, மீறினால் எங்களைக் கேளுங்கள்” என்று சொல்லலாம்.

கேட்கவும் கேட்டனர்; அவர்களே தம் கூட்டத்தைக் கேட்டனர். 1998-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு ஹேக்கர் குழு, சீனாவின்மீதும் ஈராக்கின்மீதும் கணிப்பொறிப் போர் தொடுப்பதாக அறிவித்தது. அந்நாடுகளின் ஆட்சியை வெறுத்த பலர் உலகில் இருந்தனர், கைதட்டலுக்குக் குறைவிராது. ஆயினும் 1999 ஜனவரி 7-ஆம் நாள், இச்சங்கமும் அமெரிக்காவின் 2600, எல்0ஃப்ட் முதலிய குழுக்களும் கூடி ஓர் அறிக்கை விடுத்தன. எவ்வளவு நல்ல நோக்கமாயினும் ஒரு நாட்டின் தகவல் தொடர்பை அழிப்பது எங்கள் வழியன்று என்பது அதன் கருத்து. ஊர் கோபங்கொள்ளும் முன்பே, தம்மவர் பிழையைத் தாமே எடுத்துரைத்த செயல் இது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின், பழிவாங்கத் துடித்த சிலர் இசுலாமிய நாடுகளின் கணிப்பொறிகளைத் தாக்க ஹேக்கர்களை அழைத்தபோதும் சங்கம் அவ்வழைப்பை வெளிப்படையாக எதிர்த்தது.

எல்லாவற்றையும் புகழ்வதாக எண்ணிவிடாதீர்கள். 2008-ஆம் ஆண்டில், கடவுச்சீட்டில் கைரேகை பதிக்கும் திட்டத்தை எதிர்க்க, உள்துறை அமைச்சராக இருந்த வொல்ஃப்காங் ஷாய்ப்ளேயின் விரல் ரேகையை அவர் நீர் அருந்திய கண்ணாடிக் குவளையிலிருந்து எடுத்துத் தம் இதழில் அச்சிட்டு வெளியிட்டனர். கைரேகையை எளிதில் களவாடலாம் என்று மெய்ப்பித்தது உண்மை. ஆனால் அமைச்சரின் விரலும் அவருடைய தனியுடைமை அன்றோ? கடவுச்சொல்லை மாற்றலாம், விரலை மாற்ற முடியுமா? தாம் வகுத்த விதியைத் தாமே மறந்தார்கள் என்பது என் கருத்து. அவர்களோ, மக்கள் அனைவரின் ரேகையையும் கேட்பவருடையதைக் காட்டினோம் என்பார்கள். நீங்கள் உங்கள் வகுப்பில் இருபக்கமும் நின்று வாதாடிப் பார்க்கலாம்.

இதனினும் சிறந்த செயல்கள் இருக்கின்றன. வாக்குப்பதிவுக்குப் பயன்பட்ட நெடாப் என்னும் பொறியை, 2006-ஆம் ஆண்டில் நெதர்லாந்துக் குழு ஒன்றும் இச்சங்கத்தாரும் சேர்ந்து ஆராய்ந்து, அதன் உள்ளே உள்ளதை மாற்ற முடியும் என்று காட்டினர். வாக்குப் பொறியைச் சதுரங்கம் ஆடவும் வைத்தார்கள்! சிரிப்புக்குரியதாயினும் அதில் பொருள் உண்டு: சதுரங்கம் ஆடக் கற்கும் பொறி, பொய்க்கணக்குச் சொல்லவும் கற்குமன்றோ? வேறு சிலர் தொடுத்த வழக்கில் ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் சங்கத்தின் வல்லுநர் கருத்தையும் கேட்டது. 2005-ஆம் ஆண்டுத் தேர்தலில் அப்பொறிகளைப் பயன்படுத்திய முறை அரசியலமைப்புக்கு ஒவ்வாது என்று 2009 மார்ச் 3-ஆம் நாள் தீர்ப்பளித்தது. எண்ணிக்கையின் முதன்மையான படிகளைத் தொழில்நுட்பம் அறியாத குடிமகனும் சரிபார்க்க இயல வேண்டும் என்பது தீர்ப்பின் அடிப்படை. இருபது ஆண்டுகளுக்கு முன் ஒற்றர் என்று ஏசப்பட்ட கூட்டத்தாரிடம் நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் கருத்துக் கேட்டதைக் கவனியுங்கள்.

2011 அக்டோபரில், காவல்துறை சிலருடைய கணிப்பொறிகளில் புகுத்திய ஒற்று நிரலைச் சங்கம் ஆராய்ந்து வெளியிட்டது. நீதிமன்றம் அனுமதித்த அளவுக்கு மேல் அந்நிரல் செய்ய வல்லது, போதிய காவலின்றி மூன்றாமவரும் அதை ஏவலாம் என்று காட்டியது. வெளியிடும் முன் உள்துறைக்கு அறிவித்துவிட்டே வெளியிட்டனர். எதிரிக்கும் முன்னறிவிப்புத் தரும் இப்பழக்கத்தால்தான் ஊர் அவர்களை நம்பத் தொடங்கியது என்று நான் நினைக்கிறேன்.

பழி சுமத்தும் ஊருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. 2021-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஆளுங்கட்சியாக இருந்த கிறித்தவ ஜனநாயக ஒன்றியம், தேர்தல் பணிக்கு வைத்திருந்த செயலியில் பலருடைய தனித்தகவல் திறந்து கிடப்பதைப் பெண் ஆய்வாளர் ஒருவர் கண்டு, முறைப்படி கட்சிக்கு அறிவித்தார். கைம்மாறாக அவர்மீது காவல்துறையில் புகார் சென்றது. சங்கம் என்ன செய்தது தெரியுமா? கட்சியின் கணிப்பொறியைத் தாக்கவில்லை, வசைமாரியும் பொழியவில்லை. இனி உங்கள் ஓட்டைகளை உங்களுக்குச் சொல்ல மாட்டோம் என்று மட்டும் அறிவித்தது. கட்சி புகாரை விலக்கிக்கொண்டு மன்னிப்பும் கேட்டது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் மேல்நிலைப் பள்ளியில் கணிப்பொறிப் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த மாணவன் ஒருவன், ஒரு நாள் மாலை என் அறைக்கு வந்து ஒரு தாளை மேசைமேல் வைத்தான். பத்தாம் வகுப்பு மாணவர் அனைவரின் தேர்வு மதிப்பெண்களும் அதில் அச்சாகியிருந்தன. அலுவலகத்தில் பூட்டிய கணிப்பொறியில் இருக்க வேண்டியவை அவை. “ஆய்வகத்தில் உட்கார்ந்தே பார்க்கலாம் ஐயா, மாற்றவும் மாற்றலாம்” என்றான். கடவுச்சொல் எங்கள் பள்ளியின் தொலைபேசி எண். வைத்தவன் நான்.

ஆசிரியர் அறை கொதித்தது. இன்று பார்த்தவன் நாளை திருத்தமாட்டானா என்றனர். நானும் அவ்வாறே எண்ணினேன். தந்தையாரை வரவழைத்தேன், மாணவனிடம் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினேன், ஆய்வகத்துக்குள் வரக்கூடாது என்று தடை விதித்தேன். அன்று மாலையே, யாரிடமும் சொல்லாமல் கடவுச்சொல்லை மாற்றினேன். அவன் தந்த செய்தியைப் பயன்படுத்திக்கொண்டு அவனையே தண்டித்தேன் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் அவனுடைய வகுப்பார் ஐந்து பேர் வந்தனர். “அவன்மேல் தவறே இல்லை ஐயா” என்றனர். சினந்து அனுப்பிவிட்டேன். அதற்கு அடுத்த நாள் மீண்டும் வந்தனர். இம்முறை கையில் இரண்டு பக்கத் தாள். அவன் செய்தது இன்னின்னது, எந்த மதிப்பெண்ணையும் தொடவில்லை என்று எழுதியிருந்தார்கள். பிறருடைய மதிப்பெண்களை அச்சிட்டது தவறு, தன் மதிப்பெண்ணை மட்டும் காட்டியிருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். நூலகக் கணக்கிலும் கட்டணக் கணக்கிலும் அதே தொலைபேசி எண் இன்னும் கடவுச்சொல்லாக இருக்கிறது என்பது கடைசி வரி. ஹாம்பர்க் நகரத்தாரைப் பற்றி அப்பிள்ளைகள் கேள்விப்பட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

தடையை அன்றே நீக்கினேன். மன்னிப்புக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். தலைமையாசிரியன் என்ற எண்ணம் தடுத்தது. ஓய்வு பெற்ற நாளில் கோப்புகளை அடுத்தவரிடம் ஒப்படைத்தபோதுதான் அதை மீண்டும் பார்த்தேன். பள்ளிக் கோப்பிலிருந்து தாளை எடுக்க எனக்கு உரிமை இல்லை. நீல மையில், சாய்ந்த எழுத்தில், நான்கே வரி. கோப்பைக் கட்டி, எண்ணைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.